மஞ்சள் துணி கட்டிய மூன்று பாட்டில்கள்

நான் அலங்காரம் செய்த பாட்டிலை ஒரு அம்மாள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

போன மாதம், குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மண்டபம். என் தோழி ரேவதியின் ரிசப்ஷன். வரவேற்பு மேஜைக்குப் பக்கத்தில் நான் காவல் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மாள் நூறு ரூபாய்த் தாளை நீளவாக்கில் மடித்து பாட்டிலுக்குள் போட்டார். போடுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்.

அந்தச் செருப்பைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. ஏனென்றால் நான் அப்போது வேறு கவலைகளில் மும்முரமாக இருந்தேன்.

கவலைப்படுவது என் சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பார்க்க பாதி வழியில் ரயிலை விட்டு இறங்கியவள் நான். இதில் ஒரு சௌகரியம் — என் வேலையே அதுதான். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. ஒரு பாகம் எப்படியெல்லாம் கெட்டுப்போகலாம் என்று, அது கெட்டுப்போவதற்கு முன்பே உட்கார்ந்து எழுத வேண்டும். சம்பளம் வாங்கிக்கொண்டு கவலைப்படுகிறேன்.

ரேவதி எனக்குப் பக்கத்து மேஜை. கோவளம் பக்கம் கடலோரக் குப்பம் அவள் ஊர். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன் கூடை. அவள் காதலித்த தினேஷுக்கு முடிச்சூர். ஒரு காலத்தில் பயிர் செய்த குடும்பம். இப்போது கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இரண்டு வீடும் சம்மதிப்பதற்குள் ரேவதி இளைத்தே போய்விட்டாள். சம்மதித்த பிறகு கல்யாணச் செலவில் இருவருடைய சேமிப்பும் இளைத்தது. ஹனிமூன்? “அப்புறமா பாத்துக்கலாம்” என்றான் தினேஷ்.

நம் வீடுகளில் ‘அப்புறம்’ என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியாதா?

ரேவதி அழவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்: “எங்க வீட்டுல ஒரே ரூம். அவங்க வீட்டுல ரூம் நெறைய, ஆனா பதினோரு பேரு. எனக்கு ஊரெல்லாம் சுத்திப் பாக்கணும்னு இல்லடி. நாலு நாள்… நானும் அவனும் மட்டும். அவ்ளோதான்.”

அவளுக்குத் தெரிந்த மலை கொடைக்கானல். அதற்கு லீவும் கையெழுத்தாகிவிட்டது. பணம்தான் இல்லை.

எங்கள் பிரிவில் மூன்றாவது ஆள் சரண்யா. அவள்தான் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். எங்கோ ஒரு நாட்டில் கல்யாண விருந்தில் கண்ணாடி ஜாடிகளை லேஸ், பூ, சின்ன விளக்கு எல்லாம் வைத்து அலங்கரித்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்றின் மேல் ‘ஹோட்டல்’, இன்னொன்றின் மேல் ‘ஐஸ்க்ரீம்’. வருகிறவர்கள் விருப்பப்பட்டதில் பணம் போட்டுவிட்டுப் போகிறார்கள். புதுமணத் தம்பதி அந்தப் பணத்தில் ஹனிமூன் போகிறார்கள். மொய் தனி, இது தனி.

அழகாக இருந்தது. உடனே எனக்குக் கவலை ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடி விழுந்து உடைந்தால்? குழந்தைகள் விளக்கு ஒயரைப் பிடித்து இழுத்தால்? யாராவது தூக்கிக்கொண்டு போனால்? எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் — யாருமே போடாவிட்டால்? கண்ணாடி பாட்டில் காலியாக இருந்தால் மண்டபத்துக்கே தெரியும். ரேவதியின் அம்மா வேறு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். பெண்ணையும் கொடுத்துவிட்டு உண்டியலும் வைத்தார்கள் என்று சம்பந்தி வீட்டில் பேசக் கூடாது பார்த்துக்கொள் என்று. எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை.

கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டில் வேலை நடந்தது. அகல வாய் ஊறுகாய் பாட்டில்கள் மூன்று. எலுமிச்சை ஊறுகாய் வாசனை எதற்கும் அசையவில்லை. சமையல் சோடா போட்டுக் கழுவி, மொட்டை மாடியில் வெயிலில் வைத்தோம். க்ளூ கன்னால் ஜரிகை பார்டர் ஒட்டினேன். உள்ளே பேட்டரி விளக்குச் சரம். சரண்யா வளைத்து வளைத்து இங்கிலீஷில் லேபிள் எழுதினாள் — பஸ், ரூம், ஹாட் சாக்லேட்.

மூடியில்தான் சிக்கல். தகர மூடி. பணம் போட நடுவில் வெட்டியபோது ஓரம் கத்தி மாதிரி நின்றது. யாராவது கையை வெட்டிக்கொண்டால்? நான் உதிரிபாகத்துக்கு யோசிப்பது போலவே யோசித்தேன். மூடியின் மேல் துணி போர்த்தி, கழுத்தில் நூலால் இறுக்கிக் கட்டி, வெட்டின இடத்தில் மட்டும் துணியைக் கீறி உள்பக்கமாக மடித்து ஒட்டிவிட்டால் விரல் தகரத்தில் படாது. நல்ல தீர்வு.

மண்டபத்தில் அலங்காரம் முழுக்க சாமந்தி. அதற்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மஞ்சள் துணி வாங்கினேன்.

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் தலையில் கை வைத்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். எனக்கு டைஃபாய்டு வந்தபோது என் அம்மா ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவர்தான். ஆனால் அது பூஜை அலமாரி. இது க்ளூ கன். ஒரு அறையில் தெரிந்த விஷயம் இன்னொரு அறையில் ஞாபகம் வருவதில்லை… உங்களுக்கும் அப்படித்தானே?

மண்டபத்தில் பாட்டில் வைக்க இடம் தேடினோம். குழந்தைகள் கைக்கு எட்டாத, எல்லோரும் கடந்து போகிற, ஒருவர் பார்வையிலேயே இருக்கிற இடம். வரவேற்பு மேஜை. சந்தனம், குங்குமம், கற்கண்டு, பன்னீர் சொம்பு. நடுவில் பூ அலங்காரத்தோடு ஒரு பிள்ளையார். அவருக்கு வலது பக்கத்தில் என் மூன்று பாட்டில்கள்.

முதல் அரை மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வியர்த்துக் கொட்டியது. அப்புறம்தான் அந்தச் செருப்பைக் கழற்றின அம்மாள் வந்தார். அவருக்குப் பின்னால் இருவர். அப்புறம் வரிசை. போட்டவர்கள் கண்ணை மூடி ஒரு நொடி நின்றார்கள். ஒருவர் கிண்ணத்திலிருந்து சந்தனத்தை எடுத்து ‘ஹாட் சாக்லேட்’ பாட்டிலுக்குப் பொட்டு வைத்தார். குங்குமமும் வைத்தார்.

“பாத்தியா, சூப்பரா ஒர்க் அவுட் ஆயிடுச்சு” என்றாள் சரண்யா.

எங்கள் வளைந்த இங்கிலீஷை யாரும் படிக்கவில்லை. எல்லோரும் துணியைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தினேஷின் அம்மா வந்தார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. மூன்று பாட்டில்களையும் பார்த்தவர் முகம் மலர்ந்து, முந்தானையில் முடிந்திருந்த ஐந்நூறு ரூபாயை எடுத்துக் கும்பிட்டுப் போட்டார்.

“யாரும்மா முடிஞ்சது இத?”

“நான்தான் ஆன்ட்டி.”

“நல்லா இரு கண்ணு. இந்தக் கல்யாணத்துல எங்களுக்கே தோணல பாரு. பழனிக்கா, திருப்பதிக்கா?”

அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்ல முன்தயாரிப்பு வேண்டும். “இது… அவங்க ரெண்டு பேரும் கொடைக்கானல் போறதுக்கு ஆன்ட்டி” என்றேன். அவர் பாட்டிலைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

“இன்னாம்மா இது… சாமிக்குன்னு நெனச்சு எத்தினி பேரு போட்டுகினு கீறாங்க. மஞ்சத் துணில முடிஞ்சப்புறம் அது நம்ம காசு இல்ல கண்ணு.”

அவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது. அவர்கள் வீட்டுக்கு முருகன்தான் எல்லாம், அதனால் பழனி. முடிந்ததைக் கடனாக வைத்திருக்கக் கூடாது, அதனால் உடனே. ரேவதிக்கு லீவு எப்போது என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். அந்த நாட்களுக்கே வேன் சொல்லச் சொல்லி தினேஷின் சித்தப்பாவை அனுப்பினார். கோயிலுக்குப் போவதென்றால் அந்த வீட்டில் எல்லோரும்தான் போவார்கள். நம் ஊரில் தனியாகப் போவது என்றாலே ஒரு வேனில் போவதுதானே.

பணமும் போயிற்று. நாட்களும் போயின. இரண்டையும் எடுத்துக் கொடுத்தது நான்.

மேடையில் போட்டோவுக்கு வரிசை. நானும் நின்றேன். என் முறை வந்ததும் ரேவதி பக்கத்தில் போய், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல் விஷயத்தைச் சொன்னேன். அவளும் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஃப்ளாஷ் அடித்த பிறகுதான் கேட்டாள்.

“வேன்ல எத்தன சீட்டு?”

அந்தப் போட்டோ ஆல்பத்தில் வரும். அதில் நாங்கள் இருவரும் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் தெரியுமா…

என் சேமிப்பிலிருந்து ரூம் போட்டுத் தருகிறேன், இரண்டு மாதம் கழித்துப் போ என்று மறுநாள் போனில் சொல்லிப் பார்த்தேன். லீவு திரும்ப யார் தருவார்கள் என்றாள். அந்த வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்ததும் மாமியார் சொன்ன முதல் விஷயத்துக்கே மாட்டேன் என்று சொல்ல முடியாது என்றாள். அவள் சொன்னது நியாயம். அதுதான் என்னை அதிகம் படுத்தியது.

அவர்கள் கிளம்பின பிறகு நான் வேலையில் இருந்தேன், ஆனால் மனசு அங்கே இல்லை. அவளிடமிருந்து ஒரு மெசேஜ் இல்லை. நானாகக் கேட்கவும் வாய் வரவில்லை. பிரேக் பாகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கல்யாணம் ஆரம்பத்திலேயே கசந்துபோக என்னவெல்லாம் காரணம் இருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாக் காரணத்திலும் என் பெயர் இருந்தது.

அப்புறம் ஒரு போட்டோ வந்தது. பழனி இல்லை. ஏரி. பனி. குரங்குக் குல்லாய் போட்ட ஒரு பெரிய கூட்டம். நடுவில் ரேவதியும் தினேஷும். கோயில் முடிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு மேலே போகாமல் திரும்புவதா என்று சித்தப்பா சொல்ல, வேன் அப்படியே மலை ஏறிவிட்டது. கொடைக்கானலிலும் எல்லோரும்!

நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கேன்டீனில் அவள் எதிரில் உட்கார்ந்தபோது மன்னிப்புக் கேட்க ஒரு முழு உரை தயாரித்து வைத்திருந்தேன். அவள் என்னைப் பேச விடவில்லை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே கதையைச் சொன்னாள்.

எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரு காட்டேஜ் எடுத்தார்களாம். ஒரு பெரிய ஹால், ஒரு சின்ன ரூம். பாய் போட்டு ஹாலில் எல்லோரும். சின்ன ரூம் இவர்களுக்கு. ஆனால் டிவி அந்தச் சின்ன ரூமில்தான் இருந்தது. சாயங்காலம் கிரிக்கெட். சித்தப்பா தலைமையில் ஆண்கள் எல்லோரும் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

தினேஷின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாராம்.

“அண்ணி, ஒரே ஒரு ஓவர்” என்றிருக்கிறார் சித்தப்பா.

“மேட்ச்சு அடுத்த வாரமும் கீது. போய் வாசல்ல குந்து.”

அன்றைக்கு மட்டும் இல்லை. காலையில் குழந்தைகள் கையில் யாரோ காபி கொடுத்தனுப்ப, அதை வாங்கி அவரே குடித்துவிட்டார். படகுத் துறைக்குக் கூப்பிட வந்த நாத்தனாரை, தலைவலி என்று சொல்லித் தானே கூட்டிக்கொண்டு போனார். யாருக்குத் தலைவலி என்று சொல்லவில்லை. மற்ற நேரமெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு, கிளம்புகிற வரைக்கும் அந்த நாற்காலியை அவர் விடவில்லையாம். உள்ளே இவர்கள் இருவரும் சிரிப்புச் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டார்களாம்.

நான் சாப்பிடவில்லை. கல்யாணமாகி அதே முடிச்சூர் வீட்டுக்கு வந்த புதிதில் அந்த அம்மாளுக்கு யாராவது ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரேவதியிடம் கேட்டேன். தெரியாது, இன்னும் அந்த அளவுக்குப் பேசவில்லை என்றாள்.

இருந்தாலும் என் கவலை அவ்வளவு சீக்கிரம் விடுமா? “வெளிய மாமியார், ஹால் பூரா சொந்தக்காரங்க. இதுக்குப் பேரு தனியா போனதாடி?” என்றேன்.

ரேவதி டப்பாவை வழித்து, விரலை நக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

“கதவுக்கு எங்க பக்கம் ரெண்டு பேருதான்டி இருந்தோம்.”