டேனிஷ் மொழியில் ஒரு தாய்மாமன்

போன வாரம் ஒரு டேனிஷ் வார்த்தை என்னை மணையிலிருந்து எழுப்பிவிடப் பார்த்தது...

வத்திராயிருப்புப் பக்கம் எங்கள் குலசாமி கோவிலில், தங்கை செல்வியின் மகளுக்குக் காதுகுத்து. மாப்பிள்ளை யென்ஸ் டென்மார்க்காரர். நம்ம ஊர்ச் சம்பிரதாயம் ஒன்றுகூடப் பிசகக் கூடாது என்று, வேட்டியை பெல்ட்டால் இறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்த வேண்டும்? நானும் தோடு, பட்டுப் பாவாடை, பழத்தட்டு சகிதம் ராஜபாளையத்திலிருந்து வேன் பிடித்துப் போய், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துவிட்டேன்.

தாய்மாமனுக்கு அவர்கள் பாஷையிலும் தனிச்சொல் உண்டாம் — மோர்ப்ரோர். கூட வந்த யென்ஸ் வேனிலேயே விளக்கினார். மோர் என்றால் அம்மா (நாம் குடிக்கிற மோர் அல்ல!), ப்ரோர் என்றால் சகோதரன். அப்பாவின் சகோதரன் ஃபார்ப்ரோர். சித்தப்பாவையும் மாமாவையும் 'அங்கிள்' என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்ட நமக்கு, இதைக் கேட்டால் வெட்கமாக இல்லை?

ஆசாரி ஊசியை எடுக்கும்போதுதான் யென்ஸுக்குச் சந்தேகம் வந்தது. செல்வி ஒற்றைப் பிள்ளை. நான் அவளுக்குப் பெரியப்பா மகன். அவளோடு பிறந்தவன்தானே மோர்ப்ரோர்? தப்பு நடந்துவிடுமோ என்று இங்கிலீஷில் மெல்லக் கேட்டார். நல்ல எண்ணம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது.

செட்டியார்பட்டியில் ஒரே காம்பவுண்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். என் சைக்கிள் கேரியரில் பள்ளிக்கூடம் போனவள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்க்கூட்டத்தில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, விட்டுட்டுப் போயிராதண்ணே என்று வழியெல்லாம் சொன்னவள். கூடப் பிறந்தவனா என்று அப்போது யார் கேட்டார்கள்? அப்படியொரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த நாட்களுக்காக அங்கேயே ஏங்கிப் போனேன்.

மாலையைக் கழற்றப் போனேன். செல்வி என் தோளை அழுத்தி உட்காரவைத்தாள். கணவரிடம் டேனிஷில் கடகடவென்று என்னவோ சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது.

என்னம்மா சொன்ன என்றேன்.

"மோர், ப்ரோர் எல்லாம் முன்னாடி மோதர், ப்ரோதர்னு நீளமாத்தாம்ணே இருந்துச்சு. வீட்டுல கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேஞ்சு போச்சு. 'பெரியப்பா மகன்'ங்கிறதும் அப்படித்தான், நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு வெறும் 'அண்ணே' ஆயிருச்சுன்னு சொன்னேன்."

யென்ஸே குழந்தையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். ஊசி இறங்கியதும் வீறிட்டாள்.

வாயில் பால்கோவாவை வைத்ததும் அவள் அழுகை நின்றுவிட்டது. மோர்ப்ரோருக்குத்தான் நிற்கவில்லை!