அம்சவேணியின் கேள்வி

போன மாதம் மகளோடு அந்த விஞ்ஞானியின் நினைவகத்துக்குப் போயிருந்தேன். செஞ்சியிலிருந்து மூன்று பஸ் மாறி, இடுப்பு கழன்றுபோய். உள்ளே ராக்கெட்டின் மாதிரி வடிவம், அவர் போட்ட சட்டை, கண்ணாடிப் பெட்டியில் பேனா. தரையில் அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். உங்களுக்கு எப்படியோ, அந்த வாசனைக்கு எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது. எங்கள் பள்ளிக்கூட ஹால்தான் வரும்.

அவர் எங்கள் பள்ளிக்கு வந்த அன்று ஹாலை மூன்று தடவை கழுவினார்கள். பூட்டியே கிடந்த கழிவறையைக்கூடத் திறந்தார்கள். அவர் போனதும் மறுபடி பூட்டிவிட்டார்கள், அது வேறு கதை.

ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒருத்தி அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்று ஏற்பாடு. 'விஞ்ஞானி ஆவது எப்படி?' என்று எழுதி வகுப்பு சாரிடம் கொடுத்தேன். பாதி வகுப்பு அதையேதான் எழுதியிருந்தது. என் பக்கத்தில் உட்காரும் அம்சவேணி மட்டும் வகுப்பிலேயே எழுந்து சாரிடம் கேட்டாள். அவள் அம்மா வல்லத்துப் பக்கம் மல்லாட்டைக் கடலை பிடுங்கும் கூலி வேலைக்குப் போகிறவர்.

"மோட்டார் இல்லாத காலத்துல, கோட்டையில கல்யாண மகாலு மேல தண்ணி எப்டி சார் ஏறுச்சு? மண்ணு கொழா இருக்குது. நான் கைய வுட்டுப் பாத்தன்."

சார் அசந்துபோனார். "கேள்வி நல்லா இருக்குது. ஆனா நீ கேக்க வேணாம், ஒன் பேச்சு கொச்சையா இருக்குது" என்றவர் என் பக்கம் திரும்பினார். "நீ கேளு."

என் பேச்சும் அதே கொச்சைதான். அவள் எந்தத் தெரு, நான் எந்தத் தெரு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

விஞ்ஞானி வந்த அன்று மேடையில் அவரிடம் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இத யோசிச்சது யாரு?"

"நான்தான் ஐயா."

கைகுலுக்கினார். கேமரா மின்னியது. கடைசி வரிசையில் நின்ற அம்சவேணியும் கைதட்டினாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் அவள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் ஆறியிருக்கும். பத்தாவதோடு படிப்பும் நின்றது. நான் அந்தப் போட்டோவை ஒவ்வொரு நேர்காணலுக்கும் எடுத்துப்போய், கடைசியில் அறிவியல் டீச்சரும் ஆனேன்.

பல வருஷம் கழித்து, அவலூர்பேட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டில் அவள். மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே முந்திக்கொண்டாள்.

"ஏய், அன்னிக்கி அவரு இன்னாடி பதில் சொன்னாரு? பின்னால நின்னனா, ஒண்ணும் காதுல வுழல."

கிண்டலோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் கையை ஆட்டி ஆட்டி வெகுநேரம் விளக்கியது ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மறந்துட்டன்டி."

"மறந்துட்டியா?" என்றாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனவள்தான், அப்புறம் பார்க்கவே இல்லை.

விஞ்ஞானியும் போய்விட்டார். அந்த ஹாலையும் இடித்துவிட்டார்கள். தண்ணீர் ஏறிய விதத்தைக் கோட்டையில் எந்த கைடைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். ஆனால் அவர் அவளுக்குச் சொன்ன பதில் அது இல்லையே.