மற்றொருத்தியின் போன்

சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மொழிபெயர்ப்பது என் வேலை. ஒரு பிரதேச செயலகத்தில் இருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பத்திரம், சுற்றறிக்கை, ஓய்வூதியக் கடிதம் என்று வந்தபடி இருக்கும். தலவாக்கலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவள் நான். அதனால் தோட்டத்து ஆட்கள் எழுதும் தமிழ் எனக்கு அகராதி இல்லாமலே புரியும். அந்தப் பத்து நாள் வேலைக்கு என்னை அனுப்பியதற்கும் அதுதான் காரணம்.

சில வருடங்களுக்கு முன்பு, கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேர்த் திருவிழாவுக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அந்த வாரம் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றியது. ஓர் ஆணின் குரல். தேரன்று கோயிலில் குண்டு வெடிக்கும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று நிதானமாகச் சொன்னது. குண்டு என்ற சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகக்கூடிய நாடல்ல இது. திருவிழா நின்றது. தேர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. பொலிஸார் நீதிமன்ற உத்தரவு வாங்கி, அந்தப் பதிவை மற்றவர்களுக்கு அனுப்பிய பதினொரு பேருடைய போன்களை எடுத்துக்கொண்டார்கள்.

போன்களில் இருந்ததெல்லாம் தமிழ். அந்தப் பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரே அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். எங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. நான் போனேன்.

விசாரணைக்குப் பொறுப்பாக இருந்த பொலிஸ் பரிசோதகர் மரியாதையான மனிதர். மூன்று நாட்களாக வீட்டுக்குப் போகாத முகம். எனக்கொரு மேசையும் தேநீரும் கொடுக்கச் சொன்னார். பிறகு சிங்களத்தில் சொன்னார்:

"மிஸ், எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நீங்கள் பார்க்க வேண்டாம். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் எழுதுங்கள். எதையாவது விட்டுவிட்டு நாளைக்கு அங்கே ஏதாவது நடந்தால், நீங்களும் நானும் அந்தப் பிள்ளைகளின் அம்மாமாருக்கு என்ன பதில் சொல்வது?"

சரி என்றேன்.

அன்று முற்பகல் போன்காரர்களை வரவழைத்திருந்தார்கள், பூட்டைத் திறந்து காட்டுவதற்காக. ஏழாவதாக வந்தவள் கொழுந்து பறிக்கிற ஒரு பெண். முப்பது வயதிருக்கும். கொழுந்துக் கறை ஏறிய விரலால் திரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தவள், நடைபாதையில் என்னை நிறுத்தினாள்.

"மிஸ், நீங்கதான் படிக்கப் போறீங்களா?"

"ஆமா."

"அதுல எந் தங்கச்சிகிட்ட பேசுனதெல்லாம் கெடக்கு மிஸ். அவ குவைத்துல வேல செய்றா. அது எங்க வீட்டு விசயம். இதுக்கும் அதுக்கும் ஒரு சம்மந்தமும் இல்ல."

"தேவையில்லாதத யாரும் பாக்க மாட்டாங்க. பயப்படாதீங்க" என்றேன்.

பரிசோதகர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. தெரிந்துதான் அப்படிச் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

செய்திகளைத் தாளில் அச்செடுத்துக் கட்டுக்கட்டாகத் தந்தார்கள். முதல் இரண்டு நாள் கூச்சமாக இருந்தது. யாரோ குளிக்கும்போது கதவைத் திறந்துவிட்டதுபோல ஒவ்வொரு தாளிலும் முகம் சுட்டது. மூன்றாம் நாள் அது போய்விட்டது. ஒரு தகப்பன் மகனிடம் கெஞ்சிக் கேட்டதையும், ஒருத்தி லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரியைத் திட்டியதையும், காதலிக்கிறவர்கள் எழுதிக்கொண்டதையும் காணி உறுதி எழுதுகிற அதே கையால் எழுதினேன். எதுவும் என்னைத் தொடவில்லை. மனம் மரத்துப்போனதை நான் அப்போது கவனிக்கவில்லை. வேலை வேகமாக நடக்கிறது என்று மட்டும் நினைத்தேன்.

ஆறாம் நாள் அந்தப் பெண்ணின் கட்டு வந்தது. தங்கைக்கு நிறைய எழுதியிருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகள். மூன்றாவதாக ஓர் ஆண் பிள்ளை வேண்டும் என்று மாமியார் தினமும் பேசுகிறாள். புருசன் வாய் திறந்து எதுவும் சொல்வதில்லை, ஆனால் அவனுக்கும் ஆசை இருக்கிறது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது இரத்தம் போய்ச் சாகக் கிடந்ததை அவர்களெல்லாம் மறந்துவிட்டார்கள். இப்படியே பக்கம் பக்கமாக. நடுவில் இது இருந்தது:

"குச்சி வச்சாச்சு. யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. அஞ்சி வருசம் தாங்கும்னாங்க."

தங்கை பதில் எழுதியிருந்தாள்: "பத்தரம். யாருகிட்டயும் வாயத் தொறக்காத."

படித்தவுடனே எனக்கு விளங்கியது. கர்ப்பம் தரிக்காமல் இருக்க, மேல் கையின் தோலுக்கடியில் மெல்லிய இரண்டு குச்சிகளை வைப்பார்கள். கிளினிக்கில் கால்மணி நேர வேலை. என் அண்ணிக்கும் வைத்திருக்கிறார்கள். எங்கள் பெண்கள் அதைக் குச்சி என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்தின் அடியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் அந்த நிலையத்திலுள்ள அத்தனை ஆண்களும் படிப்பார்கள், கோப்போடு நீதிமன்றத்துக்கும் போகும். அவளுடைய இரகசியத்தைக் காப்பாற்றத்தான் குறிப்பு எழுதாமல் விட்டேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். அது உண்மைதானா என்று எனக்கு நிச்சயமில்லை. மணி நாலேகால். நாலரைக்கு பஸ். உள்ளதை உள்ளபடி எழுதி, தாளைத் திருப்பினேன்.

குச்சிக்கு நான் எழுதிய சிங்களச் சொல் தீக்குச்சிக்கும் பொருந்தும், பாறை உடைக்கிற வெடிமருந்துக் குச்சிக்கும் பொருந்தும். அவளுடைய புருசன் வேலை செய்வது ஒரு கல்குவாரியில்.

மறுநாள் காலை நான் போனபோது இரண்டு பேரையும் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். புருசன் ஒல்லியான, அமைதியான ஆள். வேலைக்குப் போகும் வழியில் பிடித்து ஏற்றியிருக்கிறார்கள். சாப்பாட்டுப் பொதி மடியில் இருந்தது. பரிசோதகர் என் கையெழுத்திலிருந்த தாளை மேசையில் வைத்தார். அந்த வரிகளுக்கடியில் சிவப்புக் கோடு.

"கேளுங்கள் மிஸ். என்ன குச்சி? எங்கே வைத்தாள்?"

நான் தமிழில் கேட்டேன். "குச்சி வச்சாச்சுன்னு தங்கச்சிக்கு எழுதியிருக்கீங்க. அது என்ன குச்சி, எங்க வச்சீங்கன்னு இன்ஸ்பெக்டர் சேர் கேக்குறாரு."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நடைபாதையில் நான் சொன்னதை நினைத்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது.

"என்ன குச்சி?" என்று புருசன் அவளைக் கேட்டான். "நாங்க குவாரிலருந்து ஒன்னும் கொண்டாறதில்லயே. கணக்குப் பாத்துதான் குடுப்பாங்க. சொல்லேன், என்ன குச்சி?"

நான் பரிசோதகர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் சொன்னேன்: "சேர், இது வெடிமருந்து இல்லை. பெண்களுடைய சுகாதார விசயம். கணவரைக் கொஞ்சம் வெளியே அனுப்பினால் இந்தப் பெண் சொல்லுவார்."

சிங்களத்தில் சொன்னால் மறைத்துச் சொன்னதாகும் என்று நினைத்திருக்கிறேன். பன்னிரண்டு வருடமாகக் குவாரியில் சிங்களவர்களோடு கல் உடைக்கிறவனுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் வரும். நான் பேசி முடிக்குமுன் அவன் அவள் பக்கம் திரும்பிவிட்டான்.

"என்ன சுகாதாரம்? எனக்குத் தெரியாம என்ன சுகாதாரம்?"

அவள் எழுந்து நின்றாள். ஸ்வெட்டரின் இடது கையை மேலே சுருட்டினாள். மேல் கையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"இதுதான் மிஸ் குச்சி. புள்ள வேணாம்னு வச்சது. வேணும்னா தொட்டுப் பாக்கச் சொல்லுங்க."

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். பரிசோதகர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஒரு பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். அவள் வந்து தோலை விரலால் தடவிப் பார்த்து, இருக்கிறது என்றாள். கிளினிக்குக்கு போன் போட்டு உறுதி செய்தார்கள். எல்லாமாக இருபது நிமிடம். வாக்குமூலத்தில் அவள் கையெழுத்து வைத்தாள். நான் மொழிபெயர்த்ததாக அதற்குக் கீழே வைத்தேன்.

புருசன் சாப்பாட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு எழுந்தான். இரண்டு பேரும் வெளியே போனார்கள். அவன் முன்னால், அவள் பின்னால். தோட்டத்துப் பாதையில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நடப்பார்கள். அதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. நான் மேசைக்குப் போய் எட்டாவது கட்டை எடுத்தேன். அன்று வழக்கத்தைவிட அதிகப் பக்கங்கள் எழுதினேன்.

பத்தாம் நாள் ஆளைப் பிடித்துவிட்டார்கள். பதினொரு போன்களில் அந்தக் குரல் பதிவு முதலில் வந்து சேர்ந்தது அவளுடையதில்தான். அவளுக்கு அனுப்பிய தூரத்து உறவுக்காரி, அந்த உறவுக்காரிக்கு அனுப்பியவர் என்று பிடித்துக்கொண்டே போய், வேறொரு மாவட்டத்தில் கடை வைத்திருந்த ஒருவரிடம் நின்றது. திருவிழாக் கமிட்டியில் தன்னைச் சேர்க்கவில்லை என்ற கோபத்தில் பேசி அனுப்பியிருக்கிறார். குண்டு எதுவும் இல்லை.

பரிசோதகர் எனக்கு நன்றி சொன்னார். "அந்தப் பெண்ணின் போன் இல்லாவிட்டால் எங்களால் முடிந்திருக்காது" என்றார். அது உண்மை. போனை எடுத்திருக்கவே கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்தில் என் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் வடம் பிடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது பதிவு யாரிடமிருந்து வந்தது என்ற ஒரே ஒரு வரி. தங்கைக்கு எழுதிய நூற்றுக்கணக்கான வரிகளில் அது இல்லை. இதை அவரிடம் சொல்ல நினைத்தேன். "சரி சேர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வரும் வழியில் பஸ்ஸில் என் போனைத் திறந்தேன். அக்காவுக்கு எழுதியதைப் படித்தேன். "நாளைக்கி வந்து தூக்கிட்டுப் போறேன்" என்று இருந்தது. அரிசி மூட்டையைச் சொல்லியிருந்தேன். அதைச் சிங்களத்தில் எப்படி எழுதுவார்கள் என்று யோசித்தேன். அடுத்த செய்தியையும் அப்படியே யோசித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டிவிட்டது. இறங்கி, திரும்பி நடந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அவளைத் தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தோளில் ஒரு கைக்குழந்தை. நான் பார்க்காததுபோல நகர்ந்திருப்பேன். அவள்தான் கிட்ட வந்தாள்.

"நல்லா இருக்கீங்களா மிஸ்?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கோம். இது மூனாவது. இதுவும் பொம்பளப் புள்ளதான்." சிரித்தாள். "அன்னைக்கி வீட்டுக்குப் போனதும் அத எடுத்துடச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

"எல்லாருந்தான்."

பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. கேட்டேன். நுவரெலியா ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்தார்களாம், இரத்தம் ஏற்றினார்களாம். இந்த முறை கர்ப்பப்பைக் குழாயைக் கட்டியே அனுப்பிவிட்டார்களாம். புருசனே கையெழுத்துப் போட்டானாம். அவனைப் பற்றி அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல அதுதான் நேரம். நான் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"போனக் குடுத்துட்டாங்க மிஸ், மூனு மாசங் கழிச்சி. நா இப்ப தங்கச்சிக்கு ஒன்னும் எழுதுறதில்ல. அவ பேசுனா சோறு தின்னாச்சா, மழ பெய்யுதான்னு கேட்டுட்டு வச்சிருவேன். ஏன் முன்ன மாதிரி பேச மாட்டேங்குறன்னு அழுவுறா."

"விசாரண முடிஞ்சிருச்சே. இப்ப எழுதலாம்."

அவள் குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"மிஸ், அன்னைக்கி நீங்க எழுதுனதெல்லாம் இன்னமும் அங்கதான் இருக்குமா?"

"கோப்புல இருக்கும்."

"கேஸ் முடிஞ்சா கிழிச்சிப் போட மாட்டாங்களா?"

"தெரியல" என்றேன். எனக்கு உண்மையாகவே தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

ஹட்டன் பஸ் வந்தது. அவள் ஏறினாள். யாரோ எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.