நாய் வயிற்றில் ஊசி

எங்கள் பனியன் கம்பெனியில் ஓர் ஊசி உடைந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் ஏழரைதான். உடைந்த துண்டுகள் முழுக்கக் கிடைத்து, நோட்டில் ஒட்டிக் காட்டும்வரை அந்த மெஷின் ஓடக்கூடாது. செக்கிங்குக்கு நான்தான் பொறுப்பு. என் வாய்க்குப் பயப்படாத டெய்லர் அங்கே கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஓர் ஊசியின் முனை மட்டும் கிடைக்கவே இல்லை. மறுநாள் காலை, கம்பெனியிலேயே கிடக்கும் எங்கள் செவலை நாய் மூன்று முறை வாந்தி எடுத்தது. குட்டியிலிருந்தே நான் பால் ஊற்றி வளர்த்த நாய் அது. கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைமேல்தான் தூங்கும்.

ஊசியைத்தான் தின்றுவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். நேராக ஊசியை உடைத்த டெய்லரிடம் போனேன். “வாயில்லா சீவனைக் கொன்னுபோட்டீங்களே!”

“ஊசி ஒடஞ்சதும் சொல்லிட்டேம்லாக்கா,” என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர். நான் காதில் வாங்கினால்தானே.

சட்டைகளில் ஊசி இருக்கிறதா என்று பார்க்கும் கை டிடெக்டரை எடுத்து வந்து நாயின் வயிற்றின்மேல் நாலு தடவை ஓட்டினேன். சத்தமே வரவில்லை. “பாஸ்!” என்று கத்தினேன். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில் ஒரு நாள் முழுக்கப் போய்விட்டது. வியாழக்கிழமை அது தண்ணீரைக்கூட மோந்து பார்க்கவில்லை. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன்.

“நேத்தே கொண்டாந்திருக்கலாமேங்க,” என்றார் டாக்டரம்மா.

“ஊசி பாக்கற மெஷின் கத்துலீங்களே, டாக்டர்.”

ஈயம் வைத்த கனமான ஏப்ரனை என் தோளில் மாட்டிவிட்டு, நாயின் முன்னங்கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். எக்ஸ்ரே திரையில் வந்ததும் டாக்டரம்மாவுக்கு முன்னால் நான் எட்டிப் பார்த்தேன். துணியில் ஒற்றைத் தையல் விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிற கண் இது. முதுகெலும்பு, விலா, அங்கங்கே கறுப்பாகக் காற்று. ஊசி இல்லை.

“அப்ப கூட்டிட்டுப் போலாங்களா?”

“ஊசி இல்லைன்னுதாங்க தெரிஞ்சுது. துணி, நூலெல்லாம் இதுல தெரியாதுங்க. ஸ்கேன் பாத்தரலாம்.”

எங்கள் கம்பெனியில் துணியும் நூலும் தவிர வேறு என்ன இருக்கிறது? ஸ்கேன் அறை காலியாகும்வரை என் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன். கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்தவரை ஒரு பிடி பிடித்தேன். “எவன் கீழ போட்டான்னு கேட்டு வைங்க, நான் வந்து பேசிக்கறேன்!”

வயிற்று முடியை மழித்து, பசை தடவி, கருவியை வைத்து அழுத்தினார் டாக்டரம்மா. திரையில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“குடல் சுருங்கிக் கெடக்குது, பாருங்க. நீளமா ஏதோ முழுங்கியிருக்குது. ஒரு முனை வயித்துல மாட்டிட்டு, குடல் அதுமேலயே ஏறிட்டிருக்குது. இன்னைக்கே அறுத்து எடுத்தரோணும். தாமசமாச்சுன்னா குடல் கிழிஞ்சுரும்.”

அவர் காட்டியபின் பார்த்தால், எலாஸ்டிக் வைத்த இடுப்புப் பட்டி மாதிரிச் சுருங்கித்தான் அந்தக் குடல் இருந்தது. அறுவை சிகிச்சை முடியும்வரை முந்தானையைக் கடித்துக்கொண்டே நடந்தேன்.

கதவு திறந்ததும் டாக்டரம்மா முதலில், “பொழைச்சுக்குமுங்க,” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு ஒரு தட்டை நீட்டினார். அதில் டவுசருக்குக் கோக்கிற நீல நாடா. வரிசையாக நாலு ரெட்டை முடிச்சு.

போன வாரம், நாய் பேக்கிங் பக்கம் வந்து என் காலைச் சுற்றாமல் இருக்கட்டும் என்று, நானே ஒரு நாடாவில் நாலு ரெட்டை முடிச்சு போட்டு அதன் முன்னால் எறிந்தது நினைவுக்கு வந்தது. இழுத்து இழுத்து விளையாடியது. நானும் சிரித்தேன்.

“வெளையாடக் கட்டிக் குடுத்திருக்காங்க பாருங்க. ஆருங்க இந்த வேலையப் பண்ணுனது?” டாக்டரம்மாவுக்கு நல்ல கோபம்.

“நான்தாங்க.”

மயக்கம் முழுசாகத் தெளியாத நாய் என் குரல் கேட்டதும் உள்ளே மேசைமேல் வாலைத் தட்டியது.