விமானங்கள் காத்திருக்கட்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடையில், விமானப் பாதுகாப்பைப் பற்றிப் பேச எந்தத் தகுதியும் தேவையில்லை. என் அக்காவின் கணவர் ஒரே ஒரு முறை சென்னைக்குப் பறந்தவர். அதுவும் நடு இருக்கையில். ஆனாலும் அந்தக் கடையில் விமானம் என்று வந்துவிட்டால் அத்தான் வைத்ததுதான் சட்டம். அவருக்கு எதிர் நாற்காலி ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநருக்கு உரியது. அவர் பறந்ததே இல்லை என்பதால் துணிச்சல் இன்னும் கொஞ்சம் அதிகம்.

அன்று காலை தொலைக்காட்சியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பெருநகர விமான நிலையத்தில் தாங்கமுடியாத நெரிசலாம். இரண்டு விமானங்கள் ஆபத்தான அளவுக்கு நெருங்கி வந்துவிட்டனவாம். எந்த ஊர் என்று யாரும் கவனிக்கவில்லை. விவாதத்துக்கு ஊரா முக்கியம்?

“ஒண்ணு எறங்கி அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் அடுத்தத எறக்கணும்லா,” என்றார் அத்தான். “அதுவரைக்கும் மேலயே சுத்தட்டும். எண்ணெய் போனா போவுது, உசுருதான் முக்கியம்.”

“பாதி பிளேன நிப்பாட்டணும் அண்ணே,” என்றார் லோரிக்காரர். “லேட்டானா ஆவட்டுமே. செத்தா போயிருவாங்க?”

கடைக்காரர் தேநீரை ஆற்றியபடியே தலையாட்டினார். அத்தானின் மோட்டார் சைக்கிள் வெளியே நின்றது. அதன் கூடையில் தலைக்கவசம் பத்திரமாக இருந்தது. அவர் தலையில் அதை நான் பார்த்ததே இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. வேலைக்குப் போகும் வழியில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்க அங்கே நுழைந்திருந்தேன். ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய எங்கள் குடியிருப்பின் சாலை, பெரிய சாலையில் சேரும் இடத்தில் போக்குவரத்து விளக்கு வேண்டும் என்ற மனு. கல் ஏற்றிவரும் லோரிகள் அந்தச் சந்திப்பில் வேகம் குறைப்பதே இல்லை. என் மகள் தினமும் அதைக் கடந்துதான் மோட்டாரில் ஈப்போ தொழிற்சாலைக்குப் போகிறாள். எங்கள் வாசலில் நின்றாலே சந்திப்பு தெரியும். அவள் அதைத் தாண்டிவிட்டாள் என்று பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

பாதுகாப்பு உணர்வு இப்படிப் பொங்கி வழியும் இடத்தில் கையெழுத்துக்கா பஞ்சம் என்று நினைத்துக் காகிதத்தை மேசையில் வைத்தேன்.

அத்தான் நிதானமாகப் படித்தார். “இங்க லைட்டு போட்டா எல்லாரும் நிக்கணும்லா. ஒரே ஜாம் ஆயிரும்மா.”

“ரெண்டு நிமிசந்தானே அத்தான்.”

“காலையில ரெண்டு நிமிசம்னா சும்மாவா?”

பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்தி எடுப்பது எவ்வளவு சிரமம் என்று லோரிக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். முந்நூறு பேரோடு பறக்கும் விமானத்தை ஆகாயத்தில் சுற்றவிடுவதில் அவருக்குச் சிரமம் ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரரின் கவலை வேறு. விளக்கு வந்துவிட்டால் கடைக்கு முன்னால் யாரும் வண்டி நிறுத்த முடியாதாம். காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தேன். நான் வெளியே வரும்போது மறுபடியும் ஓடுபாதைக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் அதே சந்திப்பில் ஒரு லோரி என் மகளை இடித்துத் தள்ளியது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. உயிர் தப்பியது பெரிய காரியம் என்றார்கள்.

மூவரும் ஆளுக்கொரு பை ஆரஞ்சோடு ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். நான் கைப்பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினேன். மூவரும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர்கள் குனிந்த தலையைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் போனதும் மகளிடம் அவர்களை வாய் ஓயாமல் திட்டித் தீர்த்தேன். இரண்டு நிமிடம் நிற்கத் துப்பில்லாத ஜென்மங்கள் என்றேன்.

அவள் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“லோரி வாரது எனக்குத் தெரிஞ்சுதாம்மா இருந்துச்சு. நின்னிருப்பேன். நீங்கதான் வாசல்ல நின்னுகிட்டு, நேரமாச்சு, சட்டுனு தாண்டிருன்னு சத்தம் போட்டீங்க.”

போட்டேன். அன்றைக்கு எனக்கும் வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.