மேம்பாலத்தில் மீன்கூடைக்காரர்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் நம்ப வேண்டாம், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எங்களுக்கு ஏலகிரி மலையில் சைக்கிளில் ஏற ஆசை. தாம்பரத்தில் மலைச்சாலைக்கு எங்கே போவது? விடியற்காலையில் மேம்பாலத்தையே மலையாக நினைத்து ஏறுவோம், இறங்குவோம், திரும்ப ஏறுவோம். அஸ்தினாபுரம் நாசரும் நானும் ஒன்றாகத்தான் ஆரம்பித்தோம். ராகிக் கஞ்சி, முட்டை, ஜிம் என்று நான் உயிரை விட்டும் பாதிப் பாலத்தில் மூச்சு வாங்கி நிற்பேன். அவனோ முதல் நாள் ராத்திரி பரோட்டாவை வெளுத்துக் கட்டிவிட்டு, தொப்பையோடு பாட்டுப் பாடிக்கொண்டே ஏறுவான். எனக்கு வயிறு எரியும்.

"என்னடா பண்ற? சொல்லித் தொலையேன்."

"முன்னாடி ஒருத்தரு போவாரு மச்சான். லுங்கி, பழைய சைக்கிள், கேரியர்ல மீன்கூடை. அவரப் புடிக்கணும்னு மிதிப்பேன், அவ்ளோதான்."

சொல்ல மனசில்லாமல் கதை விடுகிறான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவன் வரவில்லை. தனியாக ஏறினேன். முன்னால் லுங்கி கட்டிய ஒருவர். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி ரோட்டில் கோடு போட்டது. விரட்டினேன், கால் வலியே தெரியவில்லை. உச்சிக்குப் போனால் ஆள் இல்லை. ஈரக்கோடும் அங்கேயே நின்றுவிட்டது. மீன் வாசனை மட்டும் இருந்தது. பயப்பட்டிருக்க வேண்டும், சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் நாசர் பாலத்தின் பாதியிலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிட்டான். "எங்க மச்சான் அவரு? இன்னிக்கு ஆளையே காணோமே?"

என் கண்ணுக்கு முன்னால் அவர் போய்க்கொண்டுதான் இருந்தார். வாயைத் திறக்கவில்லை. ஏலகிரியில் நான்தான் முதலில் ஏறினேன். நாசர் அப்புறம் சைக்கிளையே விற்றுவிட்டான்.

போன மே மாதம் செம்பாக்கத்திலிருந்து பிரியா என்று ஒரு புதுப் பெண் என்னோடு பாலம் ஏறச் சேர்ந்தாள். முதல் நாளே பாலத்தில் என்னைத் தாண்டினாள். தாண்டும்போது கேட்டாள், "அண்ணா, முன்னாடி மீன்கூடையோட போறாரே, யாரு அவரு?"

நிமிர்ந்து பார்த்தேன். பாலம் காலியாக, காய்ந்து கிடந்தது.

"யாரும்மா? யாருமில்லையே," என்றேன். அன்று நான் சொன்னது உண்மைதான்.

அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவர் என் கண்ணில் படவில்லை. பிரியா மட்டும் தினமும் சிரித்துக்கொண்டே இறங்கி வருகிறாள். சொட்டு மழையில்லாத இந்த வெயில் காலத்திலும் அவள் டயர் இரண்டும் நனைந்திருக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம், பயமில்லை சார், வயிறுதான் எரிகிறது.