பையனுக்கு வாங்கிய சென்சார்

பத்தாவதோடு நின்ற நான் இதை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னியுங்கள்.

ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருந்த அந்தப் பெண், எந்த சர்க்யூட் போர்டையும் திருப்பி, ஈயப்பற்று சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தருவார். வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் அதிர்வை அளக்க மலிவான சென்சார் கேட்டேன். இந்த வயதில் இந்த விளையாட்டா என்று சிரிப்பாரோ என்று கூசி, "பையனுக்கு" என்றேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை.

"இந்த விலையில இருக்கறதே போதுங்கண்ணா. ஸ்பாஞ்ச் டேப்புல மட்டும் ஒட்ட வேணாம்னு சொல்லுங்க. ஆட்டத்தை ஸ்பாஞ்சே முழுங்கிடும். மோட்டார் கால் போல்ட்டோட சேத்து முடுக்கணும்."

"ஐயோ, முதல்ல வாங்குனதை அப்படித்தாங்க ஒட்டுனேன்" என்று உளறிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. பொட்டலத்தில் இரண்டு வாஷர்களைச் சேர்த்துப் போட்டு, "பையன் சரியா முடுக்கிடுவான், எடுத்துட்டுப் போங்க" என்றார். கேலி செய்தாரா, மானத்தைக் காத்தாரா, இன்றும் தெரியவில்லை.

மறுநாள் போல்ட்டோடு சேர்த்து முடுக்கினேன். அளவு சரியாக வந்தது. அதை அவரிடம் சொல்லக் கடைக்குப் போகவில்லை.